நாற்பத்து மூன்று விநாடி

ஃபார்ம்காரர் என்று அவருக்குப் பட்டம் கட்டியவர்கள் மருந்துக் கிடங்கு ஆட்கள். அதற்கு முன்னால் அவர் வெறும் டைப்பிஸ்ட். ஆஸ்பத்திரியின் பதிவு அறையில், கூரை முட்ட அடுக்கிய கோப்புகளுக்கு நடுவே, ஒரே ஒரு குழல்விளக்கின் கீழ் பதினான்கு வருடம் தட்டிக்கொண்டிருந்தவர். கணினிகள் வந்து இறங்கியபோது மற்றவர்கள் அவற்றைத் துணி போட்டு மூடிவைத்து, வாடகைக்கு எடுத்த சாமான் மாதிரி கைபடாமல் சுற்றி வந்தார்கள். இவர் நடைபாதைக் கடையில் தலையணை கனத்துக்கு ஒரு பழைய புத்தகம் வாங்கிவந்தார். மதிய இடைவேளைகளில் சாப்பாட்டு டப்பாவைப் புத்தகத்தின் மேல் பாரமாக வைத்து, பக்கம் பக்கமாகப் படித்து, சொல்லிக்கொடுக்க ஆளில்லாமலே டேட்டாபேஸ் கற்றுக்கொண்டார்.

முதலில் மருந்துக் கிடங்குக்கு ஒரு ஃபார்ம், அதாவது விவரங்களை அடிக்கவும் தேடவும் கட்டங்கள் போட்ட கணினித் திரை, செய்து கொடுத்தார். பிறகு சலவைக்கு, ரத்த வங்கிக்கு, கடைசியாக விசாரணை கவுன்டருக்கு. அந்தக் கடைசி ஃபார்ம்தான் அவருடைய பெருமை. பெயரை அடித்து ‘தேடு’ என்ற பொத்தானை அமுக்கினால் நோயாளி எந்த மாடி, எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். முன்பெல்லாம் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வார்டு வார்டாக ஏறி இறங்கி, கட்டில் கட்டிலாகக் குனிந்து முகம் பார்த்துக்கொண்டு போவார்கள். அந்த அலைச்சலை ஒழித்தது ஃபார்ம்காரர்தான்.

நான் அந்த விசாரணை கவுன்டரில் வேலை பார்த்தவள். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. அவருக்கு நேர்ந்ததில் பாதி என்னால் நேர்ந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆள் ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டு. எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், காதில் விழுந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாது. நாம் அலுத்துப்போய்த் திரும்பும்போது பதில் வரும், அதுவும் சரியான பதிலாக. அவர் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, வாய்த்துடுக்கு உள்ளவர். ஒருமுறை மறந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்: “இருபத்தேழு வருஷமா இந்த மனுஷன்கிட்ட பேசறேன். சுவத்துக்கிட்ட பேசினா எதிரொலியாவது வரும்.” ஃபார்ம்காரர் அதற்கும் பேசாமல் நின்று, மனைவி படியிறங்கிய பிறகு எங்களைப் பார்த்து, “இருபத்தெட்டு” என்றார். அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஃபார்ம் செய்த புதிதில் சில ஆயிரம் பேருடைய விவரங்கள்தான் அதில் இருந்தன. பொத்தானை அமுக்கி விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிடும். வருடம் போகப் போக அது லட்சங்களாயிற்று. எதிர்க்கட்டடத்துக்கும் கேபிள் இழுத்தார்கள். பதில் வர ஐந்து விநாடி, ஆறு விநாடி ஆக ஆரம்பித்தது. மாதக் கடைசி நாளில் புள்ளிவிவரப் பிரிவு தன் அறிக்கையை ஓடவிட்டால் இன்னும் இழுக்கும்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். கணினி மும்முரமாக இருக்கும்போது திரையில் அம்புக்குறி மறைந்து, அந்த இடத்தில் ஒரு சின்ன மணல் கடிகாரம் வரும், பார்த்திருப்பீர்கள். அது தானாக வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். இந்த மாதிரி ஃபார்ம்களில், அதை எழுதுகிறவர் ‘இப்போது காட்டு, இப்போது எடு’ என்று சொல்லிவைத்தால்தான் வரும். எங்கள் ஃபார்மில் அவர் சொல்லிவைக்கவில்லை. சில ஆயிரம் பேர் இருந்த காலத்தில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. ‘தேடு’ அமுக்கியதும் கட்டங்கள் எல்லாம் வெள்ளையாகும், பிறகு நிரம்பும். அப்படி ஒரு ஆளே இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். தேடிக்கொண்டிருப்பதும் வெள்ளை, இல்லை என்பதும் வெள்ளை.

இது அவருக்குத் தெரியாமல் இல்லை. குட்டி நோட்டில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், ‘விசாரணை ஃபார்ம், தேடும்போது மணல் கடிகாரம்’ என்று எழுதியே வைத்திருந்தார். பிற்பாடு எனக்குக் காட்டினார். அதற்கு மேலே, கீழே எல்லாம் வேலை முடிந்து கோடு போட்டு அடித்திருந்தது. கண்காணிப்பாளருக்கு அறிக்கையின் தலைப்பு பெரிய எழுத்தில் வேண்டும், அடித்தாயிற்று. சலவைச் சீட்டில் நீல நிறம் வேண்டும், அடித்தாயிற்று. இந்த ஒரு வரி மட்டும் பதினான்கு மாதம் அடிபடாமல் இருந்தது. பழைய கவுன்டர் ஆட்களிடம் வாய்வார்த்தையாக, “மாசக் கடைசில கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, ஐம்பது வரைக்கும் எண்ணுங்க” என்று சொல்லியிருந்தார். அவர்களும் எண்ணினார்கள்.

நான் அந்த கவுன்டருக்கு மாறி வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. என்னிடம் யாரும் எண்ணச் சொல்லவில்லை.

அன்று மாதக் கடைசி. பார்வையாளர் நேரம் மூன்று மணிக்குத் தொடங்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். நான்காவதோ ஐந்தாவதோ ஆளாக ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கிக்கொண்டிருந்தது, தையல் மிஷினிலிருந்து எழுந்து அப்படியே ஓடிவந்திருக்கிறார். புருஷன் கட்டடங்களுக்கு வர்ணம் அடிப்பவர். வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம் என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்வதற்குள் போன் நின்றுவிட்டது. பக்கத்தில் இருப்பது நாங்கள் என்பதால் முதலில் எங்களிடம் வந்தார்.

பெயரைச் சொன்னார். அடித்தேன். ‘தேடு’ அமுக்கினேன். கட்டங்கள் வெள்ளையாயின. வழக்கமாக ஐந்தாறு விநாடியில் வந்துவிடும். பத்து விநாடி பார்த்தேன்.

“அந்தப் பேர்ல யாரும் இல்லம்மா.”

“நல்லாப் பாரும்மா. இன்னிக்குத்தான் கொண்டு வந்திருக்காங்க.”

அவர் திருப்திக்காக இன்னொரு தடவை அமுக்கினேன். அப்போதும் வெள்ளை.

“இல்லம்மா. வேற ஆஸ்பத்திரில கேட்டுப் பாருங்க. அடுத்து யாருங்க?”

அவர் ஒதுங்கினார். நான் அடுத்தவர் நீட்டிய சீட்டை வாங்கி, அதிலிருந்த கிறுக்கல் கையெழுத்தைப் படிக்கத் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே அம்மா வரிசையில் நின்றார். நாடா இன்னும் கழுத்தில் இருந்தது. கண் சிவந்து வீங்கியிருந்தது. “நேத்தும் வந்தேன்மா. எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன், எங்கயும் இல்லங்கறாங்க. இன்னொரு தடவை பாரேன்” என்றார்.

அடித்தேன். அன்று நான்கே விநாடியில் கட்டங்கள் நிரம்பின. இரண்டாம் மாடி, ஆண்கள் வார்டு, கட்டில் இருபத்தேழு. முந்தின நாள் மதியம் ஒன்றே முக்காலுக்குச் சேர்த்திருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் சிவப்பு எழுத்து. இறப்பு, மாலை ஆறு ஐந்து.

அதை என் வாயால் சொல்ல முடியவில்லை. “ரெண்டாவது மாடிம்மா. அங்க நர்ஸைப் பாருங்க” என்றேன்.

“அப்ப இங்கதான் இருக்காரா?” அவர் முகம் அப்படியே தெளிந்தது. “எப்ப சேத்தாங்க?”

“நேத்து மத்தியானம்.”

“நான் மூணு மணிக்கு வந்து கேட்டேனேம்மா.”

 பின்னால் வரிசை நின்றது, பக்கத்து நாற்காலியில் மூத்த குமாஸ்தா இருந்தார். என்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயில் வந்ததைச் சொன்னேன்: “நேத்து பேரை வேற மாதிரி சொல்லியிருப்பீங்க.”

அவர் ஒரு கணம் யோசித்தார். “இருக்கும்மா. ஓடிவந்த பதட்டத்துல வாய் குழறியிருக்கும்” என்று என்மேல் ஒரு குறையும் வைக்காமல் சொல்லிவிட்டு, படிக்கட்டைப் பார்த்து ஓடினார்.

மதிய இடைவேளை வந்தது. பதிவு அறைக்குப் போய் ஃபார்ம்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். புலம்பினால் பாரம் குறையும் என்றுதான் போனேன். அவர் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, முதல் வாய்கூட வைக்காமல் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு டப்பாவை மூடினார்.

“எத்தனை தடவை அமுக்கினீங்க?”

“ரெண்டு தடவைண்ணா.”

தேடப்படும் பெயர்களை எல்லாம் அந்த ஃபார்ம் நேரத்தோடு ஒரு மூலையில் குறித்துவைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு எத்தனை விசாரணை என்று கணக்குக் காட்ட அவர் செய்திருந்த ஏற்பாடு. அதைத் திறந்து பார்த்தார். மூன்று பத்து, அந்தப் பெயர். உடனே கீழே, மறுபடியும் அதே பெயர். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அந்த அம்மாவும் சரியாகச் சொல்லியிருக்கிறார், நானும் சரியாக அடித்திருக்கிறேன்.

புள்ளிவிவரப் பிரிவுக்குப் போன் செய்து முந்தின நாள் அறிக்கையை மறுபடி ஓடவிடச் சொன்னார். அது ஓடும்போது அதே பெயரை அடித்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, ‘தேடு’ அமுக்கினார். இருவரும் வெள்ளைக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்புக்குறி ஒன்றுமே நடக்காதது மாதிரி நடுத்திரையில் நின்றது. நாற்பத்து மூன்று விநாடி கழித்து எல்லாக் கட்டங்களும் நிரம்பின.

“நேத்தும் இது வந்திருக்கும். நீங்க ரெண்டாவது தடவை அமுக்கினது பின்னாடி காத்துக்கிட்டு இருந்திருக்கும். இது வந்து ஒரு விநாடி நின்னுட்டு, அந்த அமுக்குல மறுபடி அழிஞ்சிருக்கும்” என்றார். நான் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் வந்து போயிருக்கிறது. இரண்டாவது தடவை வந்தது, நான் அடுத்த பெயரைத் தேட அமுக்கியதில் அழிந்திருக்கும்.

அன்று மாலைக்குள் மணல் கடிகாரத்தைப் போட்டுவிட்டார். தேடத் தொடங்கும் இடத்தில் ஒரு வரி, முடியும் இடத்தில் ஒரு வரி. கூடவே, தேடி முடியும்வரை பொத்தான் அமுங்காமல் இருக்க ஒன்று, ‘தேடிக்கொண்டிருக்கிறது, காத்திருக்கவும்’ என்ற எழுத்து ஒன்று, ஆள் இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல ஒன்று. மறுநாள் நடுவில் கேபிள் அறுந்து தேடல் பாதியில் நின்றபோது கடிகாரத்தை எடுக்கும் வரிக்குக் கணினி வந்துசேரவே இல்லை. திரையில் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்க, நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தோம். ஓடிவந்து அதையும் சரிசெய்தார். எந்த வழியாக முடிந்தாலும் எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். “மொத்தமே பத்து நிமிஷ வேலை” என்று யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குள் விஷயம் பரவியது. கண்காணிப்பாளர் எங்களைக் கூப்பிட்டார். உறவினர் பெயரைத் தவறாகச் சொன்னதால் ஏற்பட்ட குழப்பம் என்று ஒரு வரியில் எழுதி முடித்துவைத்திருந்தார். அந்த வரி என் வாயிலிருந்து போனதுதான்.

“அந்தம்மா பேரைச் சரியாத்தான் சொல்லியிருக்காங்க, சார். பதிவு இருக்கு. தப்பு ஃபார்ம்ல. நான் செஞ்ச ஃபார்ம்” என்றார் ஃபார்ம்காரர்.

“யாராவது உங்களைக் கேட்டாங்களா? அந்தம்மா புகார் கொடுத்தாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு நீங்களே போய்க் கழுத்தை நீட்டறீங்க? ஆள் எப்படியும் போயிருப்பார்னு டாக்டரே சொல்றார்.”

ஃபார்ம்காரர் வழக்கம்போல நின்றார். கண்காணிப்பாளர் வேறு காகிதத்தை எடுத்துப் படிக்கவே ஆரம்பித்துவிட்டார். “போயிருப்பார் சார்,” என்றார் ஃபார்ம்காரர் கடைசியில். “மூணே காலுக்கோ மூணரைக்கோ அந்தம்மா பக்கத்துல உக்காந்திருந்திருப்பாங்க. ரெண்டரை மணி நேரம்.”

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டுக்குப் போவது என்று அவர் முடிவு செய்தார். நானும் வருகிறேன் என்றேன்.  அவரைக் கூட்டிக்கொண்டு போக வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் அன்றைக்கு ஒத்துழைக்கவில்லை போலிருக்கிறது. “கூட்டிட்டுப் போம்மா. நாலு நாளா சாப்பாட்டைப் பாத்துட்டு எழுந்து போறார். திட்டினா வாங்கிட்டு வாங்க ரெண்டு பேரும்” என்றார்.

அந்த அம்மாவின் வீடு மூன்றாம் மாடியில். ஒரே அறை, ஜன்னலோரம் மிஷின். பள்ளிச் சீருடைகள் வெட்டிப் பாதி தைத்தபடி குவிந்திருந்தன. அறையின் மூன்று சுவர்கள் வெளிர்பச்சை, நான்காவது சுவர் பாதிவரை மட்டும் பச்சை. அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

ஃபார்ம்காரருக்குச் சொல்ல வரவில்லை. மேசைமேல் துணி வெட்டும் மாதிரிக் காகிதம் கிடந்தது. அனுமதி கேட்டு, அதன் ஓரத்தில் தையல் சாக்குக்கட்டியால் திரையை வரைந்தார். கட்டங்கள் போட்டார். இங்கே பெயர், இங்கே பொத்தான், அமுக்கினால் இப்படி வெள்ளையாகும், இதற்கு அர்த்தம் ‘ஆள் இல்லை’ என்பதல்ல, ‘தேடுகிறது’ என்பது என்று விளக்கினார். தேடுகிறது என்று காட்ட ஒரு அடையாளம் வைத்திருக்க வேண்டும். “நான் வைக்கலம்மா. வைக்கணும்னு தெரியும். வைக்கல.”

அவர் அந்தக் கட்டங்களையே பார்த்தார். “அப்ப நான் பேரைச் சரியாத்தான் சொல்லியிருக்கேன்.”

“சரியாத்தான் சொன்னீங்க. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல.”

“எவ்வளவு நேரம் கழிச்சு வந்திருக்கும்?”

“நாப்பத்து மூணு விநாடி.”

“நான் அங்கயே நின்னேனே,” என்றார். குரல் உயரவேயில்லை. “அந்தத் தூண்கிட்ட. எங்க போறதுன்னு தெரியாம, பைக்குள்ள வீட்டுச் சாவியைத் தேடிக்கிட்டு நின்னேன். ரெண்டு நிமிஷமாவது நின்னிருப்பேன். நீ திரும்பிப் பாத்திருந்தா இருந்திருப்பேன்.”

இந்தக் கடைசிச் சொல் எனக்கு. 

பிறகு அந்த அம்மா, “அவர் என்னைக் கேட்டாரா?” என்றார்.

வார்டு நர்ஸிடம் நாங்கள் முன்பே விசாரித்திருந்தோம். ஃபார்ம்காரர் பேசாமல் நின்றார். இல்லை என்று சொல்லிவிடுங்கள் அண்ணா என்று எனக்குள் மன்றாடினேன். அந்த அம்மா பொறுமையாகக் காத்திருந்தார்.

“கேட்டாரும்மா. மூணு தடவை. ‘அவ வந்திருப்பா, கீழ வரிசைல நிப்பா, பாருங்க’ன்னாராம்.”

அந்த அம்மா மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு சீருடைக் கையை எடுத்து ஊசிக்கடியில் வைத்து, ஒரு விரல் நீளம் தைத்தார். அது கோணலாகப் போயிற்று. நிறுத்திவிட்டு, எங்களைப் பார்க்காமல் பேசினார்.

“இந்தச் சுவரை வாரக் கடைசில முடிக்கிறேன்னார். நான்தான் அவசரம் என்னன்னேன்.” பிறகு, “அவரோட அக்கா வந்தப்போ எல்லார் முன்னாடியும் கேட்டுட்டுப் போனாங்க, கட்டின புருஷன் பேரைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாதாடின்னு. நானும் ஆமா, தப்பாத்தான் சொல்லிட்டேன்னு அழுதேன். எனக்கு ஒண்ணும் வேணாம். நான் பேரைச் சரியாச் சொன்னேன்னு எழுதிக் குடுங்க. ஆஸ்பத்திரி சீல் வெச்சு.”

“வாங்கிக் குடுக்கறேன்மா” என்றார் ஃபார்ம்காரர்.

“வாங்கினா தபால்ல அனுப்புங்க. நீங்க வர வேணாம்.”

அந்த சீலுக்காகத்தான் அவர் எல்லாவற்றையும் இழந்தார். ஆஸ்பத்திரி அப்படி ஒரு காகிதம் கொடுக்க வேண்டுமானால் தவறு யாருடையது என்று எழுதியாக வேண்டும். அவர் தன் பெயரைப் போட்டு, நேரத்தோடு, அந்தக் குட்டி நோட்டின் பக்கத்தையும் இணைத்து மேலிடத்துக்கு எழுதினார். தெரிந்தும் பதினான்கு மாதம் செய்யவில்லை என்று அவரே எழுதியதைத்தான் விசாரணைக் குழு திருப்பித் திருப்பிப் படித்தது. தலைப்பைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னவர்கள் யாரும் அங்கே வாய் திறக்கவில்லை. என்னைப் பற்றி, ‘கவுன்டர் ஊழியர் ஃபார்ம் காட்டியதைச் சொன்னார்’ என்று மட்டும் எழுதியிருந்தார். குழு என்னையும் கூப்பிட்டது. “வரல, இல்லன்னு சொன்னேன். மறுநாள் வந்துச்சு, மாடிக்கு அனுப்பினேன்” என்றேன். பெயரை மாற்றிச் சொல்லியிருப்பீர்கள் என்று பழியைத் தூக்கி அந்த அம்மா தலையில் போட்டதை நான் சொல்லவில்லை. ஃபார்ம்காரருக்கு அது தெரியும். எதிர் நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவரும் சொல்லவில்லை.

அவரைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கும் வேலை. கணினியைத் தொடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு. அவர் செய்த ஃபார்ம்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வெளியாட்களிடம் புதிதாக வாங்கினார்கள். புதியது நல்ல வேகம், அழகாகவும் இருந்தது. ஓரிரு வருடத்தில் எங்களுக்கு அதுவே பழகிவிட்டது.

காகிதம் வர ஏழு மாதம் ஆயிற்று. தபாலில் அனுப்பிய நான்காம் நாள் அந்த அம்மா கவுன்டருக்கு வந்தார். பார்வையாளர் நேரம் இல்லை, கூடத்தில் இரண்டு மூன்று பேர்தான். உறையைக் கண்ணாடித் தடுப்பின் கீழே தள்ளினார்.

“படி.”

“அம்மா, இது உங்களுக்கு வந்த...”

“எனக்குப் படிக்கத் தெரியும். படிச்சுட்டேன். நீ படி. உன் வாயால கேக்கணும்.”

படித்தேன். இன்ன தேதி, இன்ன நேரம், மேற்படியார் தம் கணவரின் பெயரைச் சரியாகவே தெரிவித்தார் என்றும், பதிவைக் காட்டுவதில் ஏற்பட்ட தாமதத்தால் தவறான தகவல் தரப்பட்டது என்றும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் காத்திருந்தார். முதலிலிருந்து படித்து முடித்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் உறையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியம் துணிக் கிடங்குக்குப் போனேன். பதினோரு நாள் அனுபவத்தில் நான் செய்ததைவிட, ‘பேரை வேற மாதிரி சொல்லியிருப்பீங்க’ என்ற அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. இப்போதாவது குழுவிடம் போய்ச் சொல்கிறேன் அண்ணா என்றேன். அவர் விரிப்புகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. நீராவியும் சோப்பும் கலந்த வாடை. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாமல் நின்றேன்.

“உங்க பொண்ணு எந்த வகுப்பு?” என்றார்.

“ஆறு.”

“வேண்டாம். எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ்தான் இருக்கு. உங்களுக்கு இருபது.” இன்னொரு பத்து அடுக்கினார். “படிச்சீங்களே, அவங்க என்ன செஞ்சாங்க?”

“வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒண்ணும் சொல்லலை.”

அவர் தலையாட்டினார். எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. அடுக்கைக் கலைத்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். அவர் வேண்டாம் என்றதை நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன். குழுவிடம் போகவே இல்லை. இன்றுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மூன்று வருடத்தில் அவர் ரொம்பவும் ஒடுங்கிவிட்டார். சட்டைப் பையில் நோட்டு இல்லை. தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் பிடித்துக்கொண்டது. கேண்டீனில் பார்த்தால் சிரிப்பார், பக்கத்தில் உட்கார மாட்டார். ஒருமுறை புதிய ஃபார்மில் ஏதோ சிக்கல், வெளியாட்கள் போனை எடுக்கவில்லை, கூடம் நிறையக் கூட்டம். நான் ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன். வாசல்வரை வந்தார். அங்கே நின்றுகொண்டு, “எனக்கு அதைத் தொட அனுமதி இல்லம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஓய்வுபெற்ற நாளில் அவருக்கு வழியனுப்பு விழா எதுவும் வைக்கவில்லை. தண்டனை பெற்றவருக்கு வைக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். நானும் மருந்துக் கிடங்கு ஆட்கள் இரண்டு பேரும் ஐந்து மணிக்குப் போனோம். அவர் மனைவி முன்பே வந்து, கட்டிவைத்த துணி மூட்டை ஒன்றின்மேல் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். ஃபார்ம்காரர் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வர்ற ஆள் எண்ணிக்க மாட்டாரா? நேரமாச்சு, வாங்க” என்றார் மனைவி.

“பாதில விட்டா அவருக்குக் கஷ்டம்.”

நாங்கள் நால்வரும் நின்று பார்த்தோம். நூற்று அறுபத்து இரண்டு உறைகள். எண்ணி முடித்து, பேரேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியைக் காவலாளியிடம் கொடுத்தார். வாசலில் அவர் மனைவி என் கையைப் பிடித்து, “வீட்டுக்கு வந்துட்டுப் போம்மா, பேச்சுத் துணைக்கு ஆளில்லை” என்றார். வருகிறேன் என்றேன். பதினோரு மாதம் கழித்து, ஃபார்ம்காரர் நெஞ்சுச்சளியில் போய்விட்டார் என்று செய்தி வந்த அன்றைக்குத்தான் போனேன்.